தேக்குக் கணக்கு சரி, பங்குதான் தப்பு

தேக்கு ஏற்றுமதியைத் தடுத்தாலே பர்மாக் காடு பிழைத்துவிடும் என்று ரங்கூன், மோல்மீன் பக்கத்து நம்மவர்கள் பலர் எழுதுகிறார்கள். தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2014 ஏப்ரல் 1 முதல் முழுக்கட்டை ஏற்றுமதி நின்றது. 2016-ல் நாடு முழுக்க ஓராண்டு வெட்டு நிறுத்தம், நடு பர்மாவின் தேக்கு மலைத்தொடரான பெகு யோமாவுக்குப் பத்தாண்டு. அப்புறமும் காடு அழிவது நிற்கவில்லை. காரணம் புரிய 1856-லிருந்து பார்க்க வேண்டும்.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் கற்பித்த டீட்ரிச் பிராண்டிஸ் அந்த ஆண்டுதான் பெகு தேக்குக் காடுகளின் பொறுப்புக்கு வந்தார். எத்தனை மரம் நிற்கிறது என்ற கணக்கே அப்போது கிடையாது. அவர் யானைமேல் உட்கார்ந்து ஓடைக்கரையும் மலைமுகடுமாகப் போனார். இடது கையில் நான்கு மூங்கில் துண்டு, வலது கையில் பேனாக்கத்தி. அடிமரத்தின் சுற்றளவு ஆறடிக்கு மேல் போனால் முதல் துண்டில் ஒரு கீறல். நாலரை முதல் ஆறடி வரை இரண்டாவதில், ஒன்றரை முதல் நாலரை வரை மூன்றாவதில், அதற்கும் சின்னது நான்காவதில். மழையில் நனைந்தாலும் அழியாத கணக்கு! இரண்டாம் வகுப்பு மரம் முதல் வகுப்புக்கு வர 24 ஆண்டு ஆகும் என்று கணித்தார். ஆகவே முதல் வகுப்பில் ஆண்டுக்கு 24-ல் ஒரு பங்குதான் வெட்டலாம். வட்டியை எடு, முதலைத் தொடாதே என்கிற அதே கணக்கு.

இதிலிருந்து வளர்ந்ததுதான் பர்மா தேர்வு முறை. காட்டை 30 பகுதியாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒன்றில் மட்டும் வெட்டுவார்கள். நல்ல காட்டில் ஏழரை அடி, வறண்ட காட்டில் ஆறரை அடி சுற்றளவைத் தாண்டிய மரம்தான் எடுக்கலாம். பட்டையையும் அதற்கடுத்த வெள்ளை மரத்தையும் உள்ளே வைரம் (நடுமரம்) தட்டும்வரை வளையமாக வெட்டி, மூன்று ஆண்டு நின்றபடியே காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது. வளையத்தில் ஒரு பக்கம் வெள்ளை மிச்சமிருந்தாலும் மரம் சாகாது. இந்தக் காத்திருப்பில் இன்னொரு நன்மை: எந்த மரம் குறிக்கப்பட்டது என்று அது விழும் முன்பே போய்ச் சரிபார்க்கலாம்.

முறை கெட்டது எங்கே? எவ்வளவு வெட்டலாம் என்பதைக் காட்டுக் கணக்கு முடிவு செய்வது போய், வருமான இலக்கு முடிவு செய்ய ஆரம்பித்தது. 30 ஆண்டு ஆகுமுன்பே அதே பகுதியில் மறுபடி இறங்கினார்கள். லாரிக்குப் போட்ட பாதையிலேயே திருட்டு வெட்டும் நுழைந்து, சுற்றளவு எட்டாத மரத்தையும் அள்ளிக்கொண்டு போனது.

தெற்கே தனிந்தாரி மழைக்காட்டில் நடந்தது இதைவிட மோசம். 1999-ல் தொடங்கிய எண்ணெய்ப்பனைத் திட்டத்தில் நிலம் வாங்கிய கம்பெனிகள் பல, மரத்தை வெட்டி விற்றுவிட்டு, பெரும்பகுதியில் பனை நடவே இல்லை. தோட்டத்துக்கென்று காட்டை மொத்தமாக வெட்ட அனுமதித்த இடத்தில் தேர்வு முறையின் சுற்றளவு விதிக்கு வேலையே இல்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்கில் 1990-ல் 3.92 கோடி ஹெக்டேராக இருந்த காடு 2015-ல் 2.90 கோடி.

பிராண்டிஸிடமும் ஒரு பெரிய குறை உண்டு. அவர் கொண்டுவந்த தௌங்யா முறையில் கரேன் மக்கள் தங்கள் மலைப் பயிருக்கு நடுவே தேக்கும் நட்டார்கள். இரண்டு மூன்று ஆண்டில் பயிர் முடிந்ததும் நிலம் அரசுக்கு. நட்ட மரத்தில் அவர்களுக்குப் பங்கு இல்லை. பங்கில்லாத மரத்தை யார் காவல் காப்பார்கள்? 1992 வனச் சட்டமும் நிற்கும் தேக்கு எங்கிருந்தாலும் அரசுக்கே என்றது.

ஆகவே என் ஓட்டு கிராமத்தாரே குழுவாகப் பார்த்துக்கொள்ளும் சமூகக் காட்டுக்கு. 1995 விதிப்படி கிராமக் குழுவுக்கு 30 ஆண்டு உரிமை கிடைக்கும். 2016 திருத்தம் விளைந்ததை வணிகமாக விற்கவும் வழி விட்டது. 2030-க்குள் 22.7 லட்சம் ஏக்கர் என்பது இலக்கு. ஆனால் குழுக்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மொட்டைக் காடு, தேக்கோ விளையப் பல பத்தாண்டு ஆகும். நடுவில் சாப்பாட்டுக்கு மூங்கில், மஞ்சள், நிழலில் சேனை இல்லையென்றால் குழு கலைந்துவிடும். 2021 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு சண்டை நடக்கும் இடங்களில் இதுவும் எளிதல்ல என்பது தெரியும்.

மோன் மாநிலத்தில் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 காடழிப்புத் தடுப்புச் சட்டம் அங்கே விற்கும் மரத்துக்கும் ரப்பருக்கும் நிலத்தின் இருப்பிடம் கேட்கிறது. 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஒரு புள்ளி போதாது, எல்லை முழுக்க வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலமாக இருக்கக்கூடாது. கைபேசி ஜி.பி.எஸ்ஸோடு எல்லையைச் சுற்றி நடந்து பதிந்துவையுங்கள். தேக்கு நிற்கிற இடமானால் அப்படியே நான்கு சுற்றளவு வகுப்பாக எண்ணிவிடலாம். மாசி, பங்குனிதான் வசதி: இலை உதிர்ந்திருக்கும், ஓடை வற்றியிருக்கும், பக்கத்து நிலத்துக்காரரையும் கூடவே கூட்டிப்போய் எல்லையை ஒத்துக்கொள்ள வைக்கலாம்.