இருபதாவது வருடத்தில் இந்த வால்வு எப்படி இருக்கும்?

இதய வால்வை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் நம் குடும்பங்கள் கேட்பது பெரும்பாலும் இவைதான்: நெஞ்சை எவ்வளவு நீளம் வெட்டுவார்கள், எத்தனை நாளில் வீட்டுக்கு வரலாம், எவ்வளவு வெள்ளி ஆகும், ஜி.எல். (செலவை ஏற்பதாகத் தரும் உத்தரவாதக் கடிதம்) கிடைக்குமா. எல்லாம் நியாயமான கவலைகள். ஆனால் நோயாளிக்கு வயது 38 என்றால், தலைப்பில் உள்ள கேள்வியை முதலில் கேளுங்கள். புதிய முறைகள் பலவற்றுக்கு அதற்கான பதில் இன்னும் உலகில் யாரிடமும் இல்லை. அதை நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

ட்ரைஃபெக்டா வால்வை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டின் இதய உறையில் செய்தது, அமெரிக்காவில் 2011-ல் அனுமதி பெற்றது. கதவுபோல் திறந்து மூடும் இதழ்களைச் சட்டத்தின் வெளிப்பக்கமாகச் சுற்றித் தைத்திருந்ததால் வாய் நன்றாக அகலத் திறந்தது. ஆப்பரேஷன் முடிந்த கையோடு எடுத்த எக்கோவில் (இதய ஸ்கேனில்) எண்கள் அருமையாக இருந்தன. ஆனால் சில வருடங்களிலேயே இதழ் கிழிந்து ரத்தம் பின்னோக்கிக் கசிந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட்டது, விற்பனையும் நின்றது. அந்த வால்வை நெஞ்சில் சுமந்தவர்களுக்கோ வருடா வருடம் எக்கோ பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய நிலை.

"பத்து வருடத்தில் 95 சதவீதம் பேருக்கு மறு ஆப்பரேஷன் தேவைப்படவில்லை" என்று யாராவது சொன்னால் இரண்டு விஷயம் கேளுங்கள். பத்தாவது வருடத்தில் கணக்கில் மீதி இருந்தவர்கள் எத்தனை பேர்? ஆயிரத்தில் தொடங்கிய ஆய்வு கடைசியில் இருபது முப்பது பேரை வைத்துக் கோடு இழுத்திருக்கலாம். அடுத்தது, மறு ஆப்பரேஷன் நடக்கவில்லை என்றால் வால்வு நன்றாக இருந்தது என்று பொருளா? உடல் தாங்காது என்று ஆப்பரேஷன் செய்யாமல் விடப்பட்டவரும் அந்த 95-க்குள்தான் இருப்பார்.

நோயாளியின் சொந்தத் திசுவிலேயே வால்வு இதழ்களைச் செய்யும் ஒஸாக்கி முறையை நான் மதிக்கிறேன். 2007-ல் ஜப்பானில் தொடங்கியது. நோயாளியின் சொந்த இதய உறையிலிருந்து ஏறக்குறைய 7-க்கு 8 செ.மீ. துண்டு எடுத்து, கொழுப்பைச் சுரண்டி, திசுவைப் பதப்படுத்தும் 0.6 சதவீத குளுட்டரால்டிஹைடு கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்து, உப்புநீரில் மூன்று முறை, முறைக்கு ஆறு நிமிடம் அலசுவார்கள். பிறகு ஒவ்வொரு இதழுக்கும் தனித்தனியே அளவெடுத்து, அச்சு வைத்து வெட்டித் தைப்பார்கள். அளவு கொஞ்சம் பிசகினாலும் இதழ்கள் சேராமல் கசியும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை தேவையில்லை என்பது பெரிய வரம். ஆனால் 2018-ல் வெளியான 850 பேரின் முடிவுகளில் சராசரியாகப் பின்தொடர்ந்தது நாலரை வருடம்தான், அதிலும் பெரும்பாலோர் மூத்தவர்கள். இளம் உடம்பில் திசு வால்வில் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். எழுபது வயதுக்காரரின் முடிவை 35 வயதுப் பெண்ணுக்கு அப்படியே பொருத்த முடியாது. சுண்ணாம்பு படிவதைக் குறைக்கப் பதப்படுத்திய மாட்டுத் திசுவான ரெசிலியாவின் ஏழு வருட முடிவுகள் நம்பிக்கை தருகின்றன, ஆனாலும் ஏழு வருடம் ஏழு வருடம்தான்.

தையல் இல்லாமல் பொருத்தும் வால்வில் கால் மணி நேரம் போல மிச்சமாகும். வயதானவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்த வகையைச் சேர்ந்த பெர்சேவல் வால்வை வழக்கமான வால்வோடு ஒப்பிட்ட பெரிய ஆய்வில், ஒரு வருடத்துக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டவர்கள் நூற்றுக்கு 11 பேர், வழக்கமான வால்வில் நாலு பேர் போல. நாற்பது வயதில் பேஸ்மேக்கர் என்றால் ஆயுளுக்கும் பேட்டரி மாற்ற வேண்டும்.

இளையோருக்கு நீண்ட காலச் சான்று உள்ளது ராஸ் முறைக்கு. 1967-ல் லண்டனில் டொனால்ட் ராஸ் செய்தது. நுரையீரலுக்கு ரத்தம் போகும் வழியில் உள்ள சொந்த வால்வை, கெட்டுப்போன அயோர்ட்டா (பெருந்தமனி) வால்வின் இடத்துக்கு மாற்றி, காலியான இடத்தில் தானமாகக் கிடைத்த வால்வை வைப்பார்கள். தேர்ந்த கைகளில் இருபது வருட ஆயுள் கணக்கு அதே வயதுப் பொதுமக்களை ஒட்டியே வருகிறது. ஆனால் ஒரு வால்வு நோய் இரண்டு வால்வு பிரச்சினையாக மாறக்கூடும். வருடத்துக்கு ஒன்றிரண்டு மட்டும் செய்யும் சர்ஜனிடம் இதைச் செய்துகொள்ளாதீர்கள்.

எந்த வால்வானாலும் ஆஸ்பத்திரியில் தரும் வால்வு அட்டையில் உள்ள பெயர், மாடல், அளவு, வரிசை எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். 19 மி.மீ. போன்ற சிறிய வால்வுக்குள் பிற்காலத்தில் இன்னொரு வால்வைக் குழாய் வழியே வைப்பது எவ்வளவு சிரமம் என்பதை அந்த அளவுதான் சொல்லும். ஆப்பரேஷன் முடிந்து ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் முதல் எக்கோவைத் தொலைக்கவே தொலைக்காதீர்கள். வால்வின் இரு பக்கத்துக்கும் இடையிலான சராசரி அழுத்த வேறுபாடு அதிலிருந்து 10 மி.மீ. பாதரசம் கூடி 20-ஐத் தாண்டினால் வால்வு கெடத் தொடங்கியிருக்கலாம். கோலாலம்பூரில் ஆப்பரேஷன், பினாங்கில் ஃபாலோ-அப் என்று மாறும்போது தொலைவது இந்த ஒரு தாள்தான்.

உலோக வால்வுக்காரர்கள் வார்ஃபரினை விட்டு, ரத்தச் சோதனை வேண்டாத புது மாத்திரைக்கு மாறக் கூடாது. அப்படி ஒரு மாத்திரையான அபிக்ஸபானைக் கொடுத்துப் பார்த்த ஆய்வை 2022-ல் ரத்தக்கட்டு கூடியதால் பாதியில் நிறுத்தினார்கள். வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும் என்று முருங்கைக்கீரையை ஒதுக்க வேண்டாம், வாராவாரம் ஒரே அளவில் சாப்பிடுங்கள்.

பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்று பல் டாக்டரிடம் சொல்லுங்கள். தைப்பூசத்தில் அலகு குத்தவே வேண்டாம், கிருமி வால்வில் போய் ஒட்டினால் உயிருக்கே ஆபத்து. பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ பால்குடம் எடுக்கலாம், அதையும் ஆப்பரேஷன் முடிந்து மூன்று மாதமாவது கழித்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. வெட்டிய நெஞ்செலும்பு ஒன்றுசேர அவ்வளவு நாள் ஆகும்.