நாற்பது பேர் சேர்ந்து எழுதிய ராஜினாமா கடிதம்

நான் எம்.இ. படித்த காலத்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை கைக்கு வருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. தேடிக் கண்டுபிடித்து, சுருக்கத்தைப் படித்து, 'இதுதான் எனக்கு வேண்டியது' என்று நினைக்கிற நேரத்தில் டாலரில் ஒரு விலை வந்து நிற்கும். ஹாஸ்டல் மெஸ் பில்லே கட்டத் திணறுகிறவன் அதை எங்கே வாங்குவது?

அப்படித் திரும்பித் திரும்பி வந்தவனுக்கு ஜேஎம்எல்ஆர், அதாவது ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச், பெரிய ஆறுதல். தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் மெஷின் லேர்னிங் துறைக்கான ஆய்விதழ் அது; இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 2008இல் அதில் வந்த, சிக்கலான தரவைப் படமாக்கிக் காட்டும் டி-எஸ்என்இ என்ற முறை பற்றிய கட்டுரையை பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்தேன். கையால் எழுதிய 6,000 எண்கள் ஒரு படத்தில் புள்ளிகளாக, பூஜ்ஜியம் ஒரு பக்கம், ஒன்று ஒரு பக்கம் என்று கூட்டம் கூட்டமாகப் பிரிந்து கிடந்தன. கருப்பு வெள்ளை பிரிண்ட்தான். ஆனாலும் அன்று இரவு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த இதழ் எப்படி வந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன்பு இந்தத் துறையின் முக்கிய இதழ் மெஷின் லேர்னிங். 1986இல் தொடங்கியது, அப்போது குளுவர் பதிப்பகத்துடையது. மட்டமான இதழ் என்று யாரும் சொல்ல முடியாது. கேள்வி கேள்வியாகக் கிளை பிரிந்து முடிவுக்கு வரும் 'முடிவு மரங்கள்' பற்றிய குவின்லனின் கட்டுரை முதல் தொகுதியிலேயே வந்தது; அப்படிப்பட்ட பல மரங்களைச் சேர்த்துப் பயன்படுத்தும் பிரைமனின் ரேண்டம் ஃபாரஸ்ட் 2001இல் வந்ததும் அங்கேதான். அதே 2001இல்தான் அதன் ஆசிரியர் குழுவிலிருந்து 40 பேர் ஒன்றாக விலகினார்கள். இணையம் வந்த பிறகும் கட்டுரைகளைக் காசு கொடுத்தவர் மட்டும் படிக்கும்படி பூட்டி வைப்பது துறைக்கே கேடு என்று வெளிப்படையாகக் கடிதம் எழுதிவிட்டுத்தான் போனார்கள்.

போவதற்கு இடமும் தயாராக இருந்தது. லெஸ்லி கெல்ப்ளிங் முதன்மை ஆசிரியராக இருந்து 2000இலேயே ஜேஎம்எல்ஆரைத் தொடங்கியிருந்தார். படிப்பவரும் காசு தர வேண்டாம், எழுதுபவரும் தர வேண்டாம், காப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். எனக்கு இதில் இரண்டாவது விஷயம்தான் பெரிது. இன்றைக்கு 'எல்லோருக்கும் இலவசம்' என்று சொல்லிவிட்டு எழுதுபவரிடம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கும் இதழ்கள் எத்தனை! அதைத் திறந்த கதவு என்று என்னால் சொல்ல முடியாது. பூட்டை வேறு வாசலில் மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

2003இல் பிளை, இங், ஜோர்டான் எழுதிய, ஆவணங்களில் உள்ள தலைப்புகளைக் கண்டறியும் எல்டிஏ, 2011இல் சைகிட்-லேர்ன் என்ற மெஷின் லேர்னிங் மென்பொருள் பற்றிய கட்டுரை, 2014இல் நியூரல் நெட்வொர்க்குகளைப் பயிற்றுவிக்க உதவும் டிராப்அவுட் எல்லாம் ஜேஎம்எல்ஆரில்தான் வெளியாயின. பேர்போன இதழை விட்டுப் போனால் மதிப்புப் போய்விடும் என்று இன்றும் பயப்படுகிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும். கட்டுரை எழுதுவதும், அதைப் படித்துப் பார்த்துத் திருத்தம் சொல்வதும் ஆய்வாளர்கள்தானே? அவர்கள் எழுந்து போனால் மதிப்பும் கூடவே போகும். போயிற்று.

கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் ஹின்டன், பெஞ்சியோ, பார்ட்டோ, சட்டன் ஆகியோரும் உண்டு. நான்கு பேருமே பிற்பாடு கணினி அறிவியலின் மிக உயர்ந்த விருதான டூரிங் விருது வாங்கியவர்கள்.

அடுத்த வாரம் எனக்குப் புது பேட்ச் வருகிறது. முதல் வகுப்பில் பாடம் எடுக்கப் போவதில்லை. அந்தக் கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்று கொடுக்கப் போகிறேன்.