ஒரு மாசக் குளிசையோட எங்க போறது?

தம்பி மட்டக்களப்பில இருந்து துபாய்க்கு வேலைக்குப் போறான். விசா வந்திட்டு, டிக்கெட் வந்திட்டு. குளிசைதான் வரல்ல!

வலிப்புக்கு அவன் தினமும் குளோனசிபாம் போடுறவன். திடீரெண்டு நிப்பாட்டினா வலிப்பு திரும்பவும் வரலாம். கிளினிக்கில காசில்லாமத் தாறாங்க, அது பெரிய உதவி. ஆனா ஒரு மாசத்துக்குத்தான். கூடக் கேட்டா "அடுத்த கிளினிக்குக்கு வாங்க" எண்டுறாங்க. துபாயில இருந்து எப்படி வருவான்?

அங்க இது கட்டுப்பாட்டு மருந்து. கொண்டுபோக அமீரக அரசாங்கத்திட்ட முன்கூட்டியே அனுமதி எடுக்கணும். டொக்டரின்ட கடிதம், மருந்துத் துண்டு எல்லாம் வேணும். அந்தக் கடிதத்துக்காக விடிய நாலு மணிக்கே போய் வரிசையில நிண்டம். மூண்டு தரம்! ஒருக்கா டொக்டர் லீவு. ஒருக்கா சீல் இல்ல. ஒருக்கா "வாற கிழமை பாப்பம்".

ஏஜென்சிப் பொடியன் சொல்றான், "நாலு அட்டைய உடுப்புக்குள்ள சுத்தி வைங்க அக்கா" எண்டு. பிடிபட்டா உள்ளுக்குப் போறது ஆரு? அவனா? எங்கட பிள்ளைதானே!

வீட்டுக்கு ஒராள் வெளிநாட்டில இருக்கிற ஊர் இது. போறவன்ட மருந்துக்கு என்ன வழியெண்டு சொல்ல ஒரு ஆள் கூடவா இல்ல?