தாஹோ ஏரியின் அடியில் எண்ணிய குப்பை

அமெரிக்காவில் கலிஃபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில் இருக்கும் தாஹோ ஏரிக்குள் 63 ஓடைகளும் ஆறுகளும் வந்து விழுகின்றன. வெளியேறுவது ட்ரக்கி ஆறு ஒன்றுதான். அதுவும் கடலுக்குப் போவதில்லை. நெவாடா பாலைநிலத்தில் பிரமிட் ஏரியோடு முடிந்துவிடுகிறது. தாஹோவின் ஆழம் 501 மீட்டர். உள்ளே வந்த நீர் வெளியேற ஏறத்தாழ 650 ஆண்டுகள் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் படகிலிருந்து நழுவிய பீர் டப்பா எங்கே போகும்? எங்கும் போகாது. யாராவது இறங்கி எடுத்தால்தான் உண்டு.

2021 மே மாதம் அப்படிச் சிலர் இறங்கினார்கள். காலின் வெஸ்ட் என்பவர் தொடங்கிய 'கிளீன் அப் த லேக்' என்ற தொண்டு அமைப்பு, ஏரியின் 72 மைல் கரை முழுவதையும் 25 அடி ஆழம் வரை ஸ்கூபா வீரர்களைக் கொண்டு துழாவி முடித்தது. பெரும்பாலானோர் தன்னார்வலர்கள். காட்டுத்தீப் புகையும் இடி மின்னலும் பல நாட்கள் வேலையை நிறுத்தின. ஓராண்டு கழித்து 2022 மே மாதம் முடித்தபோது, வெளியே வந்திருந்தது 25,000 பவுண்டுக்கும் மேல். பதினோரு டன்னைத் தாண்டிய எடை. டப்பாக்கள், டயர்கள், தூண்டில் நூல், குளிர்கண்ணாடிகள், விளக்குக் கம்பங்கள், பறவைகளை விரட்டப் படகில் வைக்கும் பிளாஸ்டிக் ஆந்தைகள், ஒரு வைர மோதிரம்கூட.

இந்தச் செய்தியைப் பகிரும்போதெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் கேட்கிறார்: "இவ்வளவு வரி வாங்குகிற அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையை ஏன் இவர்கள் இலவசமாகச் செய்ய வேண்டும்?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் இவர்கள் செய்தது வெறும் துப்புரவு வேலை என்று நினைப்பதால் எழுகிற கேள்வி அது. நான் மதிப்பது தூக்கிய எடையை அல்ல. எடுத்த ஒவ்வொன்றையும் கரைக்குக் கொண்டுவந்து, வகை பிரித்து, எண்ணி எழுதி வைத்தார்களே, அதைத்தான்.

எனக்கு முக்குளிக்கத் தெரியாது. குப்பை பிரிக்கும் பணிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். கரையில் இப்படி ஒரு துப்புரவு நாளில் போய் உட்கார்ந்தேன். தார்ப்பாயின் மேல் வலைப்பைகளைக் கவிழ்த்தார்கள். பாசி வழுக்கும் டப்பாக்கள். வண்ணமெல்லாம் போய், விளிம்பு காகிதம்போல் மெலிந்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் கோப்பையை எடுத்தேன். கையுறைக்குள்ளேயே நொறுங்கித் துகள் துகளாகிவிட்டது. ஒரு கோப்பை என்று எழுதுவதா, எத்தனை துண்டு என்று எழுதுவதா என்று பக்கத்திலிருந்த பெண்மணியிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் பாயில் உதிர்ந்ததை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தார்.

2023 ஜூலையில் நேச்சர் இதழில் வந்த ஆய்வு நினைவுக்கு வந்தது. உலகெங்கும் 38 ஏரிகளின் மேற்பரப்பு நீரை எடுத்துப் பார்த்ததில், நுண்பிளாஸ்டிக் எனப்படும் மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள் மிகுந்த மூன்று ஏரிகளில் தாஹோவும் ஒன்று. கண்ணாடி மாதிரி தெளிந்த நீர் என்று நாம் படம் எடுத்துப் போடுகிறோமே, அதே தாஹோதான்.

நீருக்கடியில் செய்கிற வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,897 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. கடலில் முக்குளிப்பதற்கென்று வகுத்த ஆழ, நேரக் கணக்கை அப்படியே இங்கே பின்பற்ற முடியாது. மேலே வரும்போது உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழாகும் ஆபத்து கூடுதல். வேலை முடிந்து உடனே காரை எடுத்துக்கொண்டு கிளம்பவும் முடியாது. சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்குத் திரும்பும் சாலைகள் ஏரியைவிட உயரமான கணவாய்களில் ஏறி இறங்குகின்றன; இருந்து, ஓய்வெடுத்துத்தான் கிளம்ப வேண்டும். கோடை தவிர மற்ற மாதங்களில் நீர் எலும்பைக் குத்தும். கீழே ஒருவர் பொறுக்க, மேலே படகிலோ கயாக்கிலோ இருப்பவர் பையை வாங்கிக்கொள்கிறார். தூக்க முடியாத பாரமான பொருள் இருந்தால் ஜிபிஎஸ் புள்ளியைக் குறித்துக்கொண்டு நகர்கிறார்கள். 50 ஆண்டுகளுக்கு மேல் நீருக்கடியில் கிடக்கும் பொருளைத் தொடக்கூடாது என்கிறது சட்டம். அது வரலாற்றுச் சின்னமாக இருக்கலாம். அதையும் குறித்துக்கொள்வதோடு சரி.

ஆர்வம் மட்டும் போதாத வேலையும் உண்டு. யுரேசிய நீர்ப்பாசிக்கொடி என்ற அயல்தாவரம் தாஹோவில் பரவியிருக்கிறது. ஒரு துண்டு ஒடிந்தாலும் அது மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விடும். அதை உறிஞ்சு குழாய் வைத்து வேரோடு எடுப்பதும், தரையில் கறுப்பு விரிப்பு போட்டு வெளிச்சத்தைத் தடுப்பதும் பயிற்சி பெற்றவர்கள் கூலி வாங்கிக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. அதற்கு அரசு செலவழித்தே ஆக வேண்டும். தன்னார்வலர்களைக் காட்டி அந்தச் செலவை யாராவது குறைக்கப் பார்த்தால் நான் முதல் ஆளாக எதிர்ப்பேன்.

ஸ்கூபா வீரர்களால் ஏரியின் தெளிவை மீட்டுவிட முடியும் என்றும் நான் சொல்லவில்லை. 1968இல் வெள்ளைத் தட்டு ஒன்றை நீரில் இறக்கிப் பார்த்தபோது சராசரியாக 102 அடி ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. அண்மை ஆண்டுகளில் அது 60, 70 அடி என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. சாலைகளிலிருந்தும் ஊர்களிலிருந்தும் மழைநீரோடு ஓடிவரும் நுண்மண் அதற்கு முக்கியக் காரணம். பனிக்காலத்தில் வழுக்காமலிருக்கத் தூவும் மணலைப் பொடியாக்குவதில் நம் கார்ச் சக்கரங்களுக்கும் பங்கு இருக்கிறது.

எண்ணுவதால் என்ன பயன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2023 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு மறுநாள் தாஹோவின் கரைகளில் தன்னார்வலர்கள் பொறுக்கிய குப்பையை எடை போட்டார்கள்: 8,559 பவுண்டு. பெரும்பகுதி செஃபிர் ஷோல்ஸ் என்ற ஓரிடத்தில் கிடந்தது. எந்த இடம், எவ்வளவு என்று கையில் கணக்கு இருந்ததால் மறுப்பதற்கு வழியில்லை. அடுத்த ஆண்டு அங்கே வாகனங்களுக்குக் கட்டணமும் கட்டுப்பாடுகளும் வந்தன; குப்பை மளமளவென்று குறைந்தது. சவுத் லேக் தாஹோ நகரம் ஒரு காலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் விற்பனையை 2024 ஏப்ரலிலிருந்து தடை செய்திருக்கிறது. அங்கே குழாயைத் திறந்தால் வருகிற நீர் அவ்வளவு நல்ல நீர். பாட்டில் எதற்கு?

இதையெல்லாம் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. வளைகுடாப் பகுதி ஊர்களான ஃப்ரீமாண்டிலிருந்தும் சன்னிவேலிலிருந்தும் நீண்ட வார இறுதிகளில் நான்கைந்து குடும்பங்களாகச் சேர்ந்து தாஹோவுக்குக் கிளம்புகிறவர்கள் நாம். அலுமினியத் தட்டுகளில் பிரியாணி, பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில், பிறந்தநாள் என்றால் பலூன். மாலைக் காற்று அங்கே திடீரென்று எழும்பும். மேசை மேலிருக்கும் காகிதத் தட்டும் பையும் கண்ணெதிரே நீருக்குள் போய்விடும். வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் எவர்சில்வர் தட்டையும் டம்ளரையும் எடுத்துப்போவதில் என்ன சிரமம்? கொண்டுபோன குப்பையைக் காரிலேயே திருப்பி எடுத்து வந்துவிடலாமே?

கோடைப் பயணத்துக்கு ஏற்பாடு செய்கிற தமிழ்ச் சங்கத்தார் அதில் அரை நாளைத் துப்புரவுப் பணிக்கு ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். முக்குளிப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். உயரமான இடத்தில் முக்குளிப்பதற்கான பயிற்சியையும் முடித்துவிட்டுப் பெயர் கொடுக்கலாம். நீச்சல் தெரியாதவர்களுக்கும் பெரியவர்களுக்கும் தார்ப்பாய் அருகே வேலை இருக்கிறது. பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். வர விருப்பமுள்ளவர்கள் கீழே சொல்லுங்கள். எந்தக் கரையில், எப்போது பணி நடக்கிறது என்று விசாரித்து எழுதுகிறேன்.