அடித்தது அடித்தபடி போய்ச் சேரக் கூடாதா?

தமிழில் நாலு பக்கம் அடித்து அனுப்பினால், அதே நாலு பக்கம் அப்படியே போய்ச் சேர வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான். மைக்ரோசாஃப்டின் வேர்ட் முதன்முதலில் வந்தது 1983-ல். நாற்பது வருஷம் தாண்டியும் இது நடக்கவில்லை என்றால் கோபம் வராமல் என்ன செய்யும்?

படத்தைக் கொஞ்சம் நகர்த்தினால் அது அடுத்த பக்கத்துக்குத் தாவுகிறது. ஓரிடத்தில் வரிசை எண்ணைத் திருத்தினால் மேலே இருக்கும் பட்டியலும் சேர்ந்து மாறுகிறது. சரி, இதெல்லாம் எல்லா மொழிக்காரர்களும் படுகிற பாடு. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதற்கு மேலும் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு ஃபான்ட், ஒரு அளவு, ஒரு போல்டு. தமிழ் மாதிரி எழுத்துகளுக்குத் தனியாக இன்னொரு ஃபான்ட், அளவு, போல்டு. வேர்ட் உள்ளே இப்படித்தான் பிரித்து வைத்திருக்கிறது. அதனால்தான் நாம் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஃபான்டை விட்டுவிட்டு எழுத்து லதா என்ற ஃபான்டுக்கோ நிர்மலா என்ற ஃபான்டுக்கோ ஓடிவிடுகிறது. இந்த இரட்டைக் கணக்கை யாராவது சொல்லித் தந்தார்களா? தட்டச்சு வகுப்பில்கூடச் சொல்வதில்லை.

இது வேண்டாமென்றால், வேர்ட் செய்யும் வேலையையே செய்யும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளுக்கு வா என்கிறார்கள். வரலாம். 2010-ல் ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்தது, இலவசம், வருஷா வருஷம் சந்தா கட்டத் தேவையில்லை. அதை உருவாக்குகிறவர்கள் மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு. ஆனால் வேர்டில் செய்த ஃபைலை, அதாவது வேர்ட் சேமிக்கும் டாக்எக்ஸ் (.docx) வடிவத்தை, அதில் திறந்து பாருங்கள். லதா இல்லாத லினக்ஸ் கணினி என்றால் அந்த இடத்தில் லோகித் தமிழ், நோட்டோ மாதிரி வேறொரு ஃபான்ட் வந்து உட்காரும். எழுத்தின் அகலம் மாறியதும் வரி மடங்கும் இடம் மாறும், அட்டவணை பக்கத்தைத் தாண்டி ஓடும், பொருளடக்கத்தில் இருக்கும் பக்க எண்கள் பொய்யாகிவிடும். உடனே, "பார்த்தாயா, இலவசம்னா இப்படித்தான்" என்பார்கள்.

பழி அங்கே போவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்எக்ஸ் எப்படிப்பட்ட வடிவம் என்று தெரியுமா? 2008-ல் ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. அந்தத் தரத்தை விளக்கும் ஆவணம் ஆறாயிரம் பக்கத்துக்கு மேல். அதற்கு முன் ஈசிஎம்ஏ என்ற இன்னொரு தர அமைப்பு வெளியிட்ட முதல் பதிப்பில், வேர்ட் 95 மாதிரி இடைவெளி விடு என்று ஒரு குறி இருந்தது. வேர்ட் 95 எப்படி இடைவெளி விட்டது என்ற விளக்கம் அதில் இல்லை! வெளியிலிருந்து ஒருவர் அதை எப்படிச் சரியாகச் செய்வார்? ஐஎஸ்ஓ வாக்கெடுப்பில் இந்தியா எதிர்த்து வாக்களித்தது. சரியாகத்தான் செய்தது. ஓடிஎஃப் என்ற திறந்த வடிவத்துக்கு ஐஎஸ்ஓ 2006-லேயே ஒப்புதல் கொடுத்திருந்தது. அது இருக்கும்போது இது எதற்கு?

இணையத்திலேயே எழுதும் கூகுள் டாக்ஸைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இன்டர்நெட் இருக்கும் வரை நன்றாக இருக்கிறது. டாக்எக்ஸை ஏற்றி இறக்கினால் அங்கேயும் பக்கம் குலைகிறது.

அப்புறம் பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைக் காட்டும் பழைய ஃபான்ட். ஒவ்வொரு மொழி எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு 2010-லேயே தமிழ்நாட்டு அரசு ஆணை போட்டுவிட்டது. இன்னும் "பாமினியில் அடித்து வேர்ட் ஃபைலாக அனுப்புங்கள்" என்று கேட்கும் அச்சகங்கள் இருக்கின்றன. அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. தேடவும் முடியாது, சொற்பிழை பார்க்கவும் முடியாது.

விண்ணப்பத்தையும் கட்டுரையையும் "டாக்எக்ஸில் மட்டும்" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மின்னாளுகைக்குத் திறந்த தரங்கள் வேண்டும் என்று மத்திய அரசே 2010-ல் கொள்கை வகுத்தது. உங்கள் மேஜையில் இருக்கும் வேர்டும் 2009-லிருந்தே ஓடிஎஃப் வகையைச் சேர்ந்த ஓடிடி (.odt) ஃபைலைத் திறக்கிறது, சேமிக்கிறது. இருமுறை கிளிக் செய்தால் போதும். பிறகு எதற்காக எங்கள் ஃபைலைத் திறந்துகூடப் பார்க்காமல் திருப்பி அனுப்புகிறீர்கள்?