பனையேறிகள் கட்டிய கோயில்

நம் கிறிஸ்தவ சபை ஆள் ஒருவர் நம் கோயில்களைப் பற்றிப் பேசிய அந்த மேடைப் பேச்சைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று மூன்று நாளாக இருந்தேன். இன்று காலையில் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே ஒரு சித்தப்பா அந்த வீடியோவை அனுப்பி, கீழே 'ஆமென்' என்றும் போட்டிருக்கிறார்.

வெள்ளைக்கார மிஷனரிகள் வராவிட்டால் நமக்குக் கோயிலே இல்லையாம், இன்னும் பனையேறிக்கொண்டுதான் இருந்திருப்போமாம். சரிங்க ஐயா. திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவர்களுக்கென்று முதலில் எழும்பிய ஊரான முதலூர் உண்டானது 1799இல். அதற்கு முன்னின்ற தாவீது சுந்தரானந்தம் நம் சாத்தான்குளம் பக்கத்து ஆள். தஞ்சாவூர் கிறிஸ்தவ மிஷனில் இருந்துவிட்டு, வேதம் போதிக்கும் உபதேசியாராகத் திரும்பி வந்தவர். சபையில் சேர்ந்தவர்களை ஊரில் நிம்மதியாக இருக்கவிடவில்லை. தனியாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். நீங்கள் கொண்டாடும் மிஷனரிகளில் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820இல். கால்டுவெல் ஐயர் பிறந்ததே 1814இல்தான்!

"தஞ்சாவூர் மிஷன் யாருடையது? நிலத்துக்குக் காசு கொடுத்தது ஆங்கிலேய அதிகாரிதானே?" என்று கிளம்பி வருவீர்கள். ஆமாம், கொடுத்தார். யார் இல்லை என்றது? காசு கொடுத்தவர் ஞாபகத்தில் இருக்கிறார், அடிபட்டவன் இல்லை. அதைத்தான் கேட்கிறேன்.

உடனே மிஷனரிகளுக்கு எதிரி என்று பட்டம் கட்டாதீர்கள். கால்டுவெல் இடையன்குடிக்கு 1841இல் வந்தவர், கடைசியில் அந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கமானவர். அங்கே போகும்போதெல்லாம் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்காமல் நான் வந்ததில்லை. தாவீதின் கதையை 1881இல் புத்தகத்தில் எழுதிவைத்தவரும் அவர்தான். வெள்ளைக்காரர் எழுதிவைத்ததை நம் ஆள் மேடையில் அழிக்கிறார்.

"எல்லாவற்றிலும் சாதியை இழுக்கிறான்" என்பவர்களுக்குப் பதில் கிடையாது. பனையேறி என்று சாதியைத் தொட்டுப் பேசியது யார் என்று போய் அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்கள்.

அப்புறம் அந்தப் பனை. அதை என்னவோ கெட்ட வார்த்தை மாதிரிச் சொன்னீர்களே, என் தாத்தா பனையேறிதான். நெஞ்சில் காய்ப்புக் காய்த்துத் தோல் கறுத்துப்போயிருக்கும். சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்ப்பேன், மரப்பட்டை மாதிரி இருக்கும். ஒரு மரத்துப் பதநீர் கோயிலுக்கு என்று ஒதுக்கி, அதைக் கருப்பட்டியாக்கி விற்றுக் காணிக்கை போட்டவர். ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வீட்டில் கஞ்சி தண்ணீராக ஓடிய நாளிலும் போட்டாள். ஒருநாள் பசியில் அதிலிருந்து அள்ளித் தின்று அடி வாங்கினேன். "கோயில் அரிசில, எடுக்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே அடித்தாள், அப்புறம் அவளே அழுதாள்.

அந்தக் கலயம் இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, சித்தப்பா. உங்கள் அம்மாவுடையதுதான்.