லைசென்ஸ் கேட்டால் வில்லனா?

குரூப்பில் சுற்றிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டிருப்பீர்கள். "சாஃப்ட்வேருக்குள்ள குண்டு வச்சிட்டான்" என்று அண்ணன் சொன்னது என்னைத்தான்.

நான் குண்டெல்லாம் வைக்கவில்லை. பார்கோடு லேபிள் அடிக்கிற என் டிஎல்எல் (வேறு சாஃப்ட்வேரோடு சேர்ந்து ஓடுகிற புரோகிராம் துண்டு), ஒரு கடைக்கு என்று பேசிக் கொடுத்தது. அதை அப்படியே காப்பி பண்ணி, விளக்குத்தூண் பக்கம் இன்னும் சில ஜவுளிக் கடைகளில் போட்டிருக்கிறார்கள். புது வெர்ஷனில் லைசென்ஸ் செக் வந்ததும் அங்கெல்லாம் லேபிள் அடிக்கவில்லை. காசு கொடுத்த கடையில் இன்றைக்கும் ஜோராக ஓடுகிறது.

"எங்க மேல நம்பிக்கை இல்லையா தம்பி?" என்று கேட்கிறார்கள் கடைக்காரர்கள்.

எங்க அப்பா கீழமாசி வீதி மளிகைக் கடையில் கணக்கு எழுதியவர். முதலாளியின் சொந்தத் தம்பியே வந்து மூட்டை ஏற்றினாலும் சீட்டு கேட்பார். ஒருத்தரும் கோபித்துக்கொண்டதில்லை. நான் கேட்டால் மட்டும் சந்தேகமா?

மைக்ரோசாஃப்ட்டின் புரோகிராம் எழுதுகிற தளமான டாட்நெட்டோடு ரெடிமேடாக வருகிற லைசென்ஸ் சோதனை, லிக்ஃபைல் லைசென்ஸ் புரொவைடர். அது லைசென்ஸ் ஃபைலின் முதல் வரியில் இது லைசென்ஸ் பெற்ற காம்போனென்ட் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். நோட்பேட் திறக்கத் தெரிந்த யாரும் எழுதிவிடலாம். அதனால் ஆர்எஸ்ஏ என்கிற டிஜிட்டல் கையெழுத்து. கடைப் பெயரையும் கம்ப்யூட்டர் அடையாளத்தையும் சேர்த்து என்னிடம் மட்டும் இருக்கிற பிரைவேட் கீயால் கையெழுத்திட்டுத் தருகிறேன். டிஎல்எல்லுக்குள் பப்ளிக் கீ மட்டும் இருக்கும்; அதை வைத்துக் கையெழுத்தைச் சரிபார்க்கலாம், போட முடியாது. பெயரில் ஓர் எழுத்தை மாற்றினாலும் ஒத்துவராது.

"நெட் போனா கடை நின்னுடுமே?" நிற்காது. சரிபார்ப்பதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரிலேயே. தீபாவளி நேரத்தில் லேபிள் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? திரும்பவும் சொல்கிறேன், காசு கொடுத்த கடை ஓடுகிறது.

"டிஎன்ஸ்பை போட்டு உடைச்சிடுவான்." டாட்நெட் புரோகிராமைப் பிரித்துப் பார்த்து மாற்றுகிற டூல் அது. உடைக்கட்டும். பதிப்புரிமைச் சட்டத்தில் 1984 திருத்தத்திலேயே கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்பாகிவிட்டது. திருட்டுக் காப்பி என்று தெரிந்தே வியாபாரத்துக்கு ஓட்டினால், 63பி பிரிவில் குறைந்தது 7 நாள் ஜெயில் என்று இருக்கிறது. நான் யார் மேலும் கேஸ் போடவில்லை. (வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் வேண்டாமா?)

"நாளைக்கு நீ இல்லாமப் போனா?" நல்லா வாழ்த்துங்கள்.

வெளியூர்க் கம்பெனி வருஷா வருஷம் ரினியூவல் கேட்டால், ஒரு வார்த்தை பேசாமல் கட்டுகிறீர்கள். மதுரைக்காரன் கேட்டால் மட்டும் "தெரிஞ்ச பையன்தானே". அந்தத் தெரிஞ்ச பையனுக்கும் கரன்ட் பில் வருகிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் வருகிறது. ராத்திரி பதினோரு மணிக்கு பிரின்டர் டிரைவர் போய்விட்டது என்று கூப்பிடும்போதும் அதே தெரிஞ்ச பையன்தான். வண்டியை எடுத்துக்கொண்டு வந்து சரிபண்ணிக் கொடுத்திருக்கிறேன், டீக்காசு கூட வாங்காமல். இனிமேல் அதற்கும் பில் வரும் அண்ணே, ஜிஎஸ்டியோடு.